ஒரே பேரில் இரண்டு பொட்டலம்

மேஜைமேல் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இரண்டும் பழைய செய்தித்தாளில் மடித்துச் சணல் சுற்றியவை. ஒன்று மளிகைக் கடையில் வாங்கியது. மற்றது அதே தெருவில் எண்ணெய் மில்லில் வாங்கியது. இரண்டு இடத்திலும் வாய்விட்டுக் கேட்ட வார்த்தை ஒன்றேதான்: கடலைப்பருப்பு. முதல் பொட்டலத்தைப் பிரித்தால் வடைக்கு ஊறவைக்கிற மஞ்சள் பருப்பு. இரண்டாவதில் செந்தோலோடு நிலக்கடலை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். நாம் எல்லாரும் சுங்க டாரிஃப் புத்தகத்தை வாலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் முதலில் ஓய்வு பெற வேண்டும், சாய்வு நாற்காலி ஒன்று வாங்க வேண்டும், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அதற்கெல்லாம் இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது. அதுவரை காத்திருந்தால் நீங்கள் எல்லாரும் எண்களை மனப்பாடம் செய்து கெட்டுப்போய்விடுவீர்கள். எனவே நரைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

நான் சேலத்தில் பாட்டனி படித்தவள். படித்துவிட்டு வேலை தேடினால், செடிகொடிகளைப் பற்றித் தெரிந்தவளுக்குக் கொடுக்க இந்த ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவளுக்கு மட்டும் இருந்தது. அப்படித்தான் நம் முதலாளி பாயின் கிளியரிங் ஆபீஸுக்கு வந்தேன். சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஷிப்பிங் பில் தயாரித்துத் தருவது, பொருள் டாரிஃப் புத்தகத்தில் எந்த எண்ணில் வருகிறது என்று போட்டுக் கொடுப்பது, இதுதான் நம் பிழைப்பு என்பது உங்களுக்கே தெரியும். எண்ணைப் போடுவது முதலாளி. டைப் அடிப்பது நான்.

நான் வந்த நேரம் புது டாரிஃப் புத்தகம் வந்த நேரம். பழைய எண்கள் எல்லாம் போய், உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்கள் என்று கொண்டுவந்தார்கள். மற்ற ஆபீஸ்களில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நம் முதலாளி அதை மனப்பாடம் செய்துவிட்டார். டீ குடிக்க வருகிறவர்களிடம் பரீட்சை வைப்பார். எள்ளு என்றால் பன்னிரண்டு பூஜ்யம் ஏழு. கம்பு என்றால் பத்து பூஜ்யம் எட்டு. யாராவது அசந்துபோய்ப் பார்த்தால் அன்றைக்கு இரண்டாவது டீ உண்டு. எண் அவர் நாக்கில் இருந்தது. பொருள் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் நாமக்கல் பக்கத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. பேசியவர் செங்கோடண்ணன். தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவர் மட்டும் பங்காளிகளோடு விவசாயத்தில் நிற்காமல் மில் போட்டவர். சிங்கப்பூரில் ஒருவர் அவரிடம் சரக்குக் கேட்டிருந்தார். முதல் லோடு ஒழுங்காகப் போனால் தொடர்ந்து எடுப்பார். கப்பலைத் தவறவிட்டால் குஜராத்காரரிடம் போய்விடுவார். செங்கோடண்ணன் ஏற்றுமதி செய்யப்போகிறாராம் என்று அவருடைய பங்காளிகள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நமக்கு அவர் புதுசு. யாரோ சொல்லி ஃபோன் போட்டிருக்கிறார். முதலாளி அவரைப் பார்த்ததும் இல்லை, மில்லைப் பார்த்ததும் இல்லை.

லைனில் காற்றடிக்கிற சத்தம். என்ன சரக்கு என்று முதலாளி கத்தினார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது.

“கடலப்பருப்புங்க பாய்.”

முதலாளி ரிசீவரை வைப்பதற்கு முன்பே எண் வந்துவிட்டது. பூஜ்யம் ஏழு, பதின்மூன்று. பருப்பு, பயறு வகையெல்லாம் அங்கேதான். சரக்கு மாதிரி ஒரு கை அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டேன். கடலைப்பருப்புக்கு மாதிரி எதற்கு, உங்கள் வீட்டில் வடையே சுட்டதில்லையா என்றார். அடித்தேன்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, பருப்பு வகைகள் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அந்தப் பருவத்தில்தான் உத்தரவு வந்திருந்தது. நம் ஆபீஸில் அது டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. இரண்டு, செங்கோடண்ணன் வைத்திருந்தது நிலக்கடலைத் தோட்டை, அதாவது மேல் ஓட்டை, உடைக்கிற மில். அந்தத் தொழிலில் தோட்டோடு இருந்தால் காய். உடைத்து எடுத்தால் பருப்பு. கடலைக்காய், கடலைப்பருப்பு. திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வரை எந்த மில்லில் போய் நின்றாலும் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. முதலாளியும் தப்பாகக் கேட்கவில்லை. ஒருவர் மில்லிலிருந்து பேசினார், ஒருவர் சமையலறையிலிருந்து கேட்டார்.

மூட்டைகள் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வாடகைக் கிடங்குக்கு வந்தன. அங்கே சுங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சீல் வைத்தால், லாரி ஆத்தூர் வழியாக மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும். பேப்பரில் ஏதாவது திருத்தம் வந்தால் அடித்துக் கொடுக்க நானும் போனேன், டவுன் பஸ்ஸில், மடியில் டைப்ரைட்டரோடு. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மெட்ராஸ்காரர். சுத்தமான ஆள், கடமை தவறாதவர். அதுதான் கஷ்டம். குத்தூசியை ஒரு மூட்டையில் செருகினார். கையில் விழுந்ததைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். அடுத்த மூட்டையில் செருகினார். வரிசையாகக் குத்திக்கொண்டே போய், கடைசியில் திரும்பி, இதில் கடலைப்பருப்பு எங்கே என்று கேட்டார்.

“இதானுங்க கடலப்பருப்பு” என்றார் செங்கோடண்ணன்.

“இது நிலக்கடலை.”

“அதானுங்க. கடலப்பருப்பு.”

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. இரண்டு பேரும் கோபப்படவே இல்லை. எதிராளிக்குப் பாவம் கண் தெரியவில்லை என்று ஆளுக்கு ஆள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். ஒரு பிடி நிலக்கடலையை மேஜைமேல் போட்டு, ஒவ்வொன்றாகத் தோல் தேய்த்து வாயில் போட்டுக்கொண்டே யோசித்தார். யோசித்து முடித்தபோது அவர் ஒரு கடத்தலைக் கண்டுபிடித்திருந்தார். பேப்பரில் இருப்பது தடைசெய்த பருப்பு. மூட்டையில் இருப்பது நிலக்கடலை. அப்படியானால் அந்தப் பருப்பை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு, இதை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“அந்தப் பருப்பை எங்க இறக்கினீங்க?”

செங்கோடண்ணன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இல்லாத பருப்பை எங்கே இறக்கியதாகச் சொல்வது? கேஸ் எழுதினால் மூட்டை மொத்தமும் அங்கேயே கிடக்கும், கப்பல் போய்விடும். அதைவிட, ஊரில் பங்காளிகளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்துவிடும்: கடத்தல்காரன்.

இந்த நேரத்தில் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தப்பாகக் கேட்டுவிட்டேன், எண்ணை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அந்த வரி அவர் மனப்பாடம் செய்ததில் இல்லை. எண் சரியானதுதான் என்று ஆரம்பித்தார். புத்தகத்தைத் திறந்து பூஜ்யம் ஏழு பதின்மூன்றை வாசித்தார். உலர்ந்த பயறினம், தோடு நீக்கியது, தோலுரித்திருந்தாலும் சரி உடைத்திருந்தாலும் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மேஜையிலிருந்து ஒரு கடலையை எடுத்துக் காட்டினார். காய்ந்திருக்கிறதா? தோடு போயிருக்கிறதா? நிலக்கடலை அவரைக் குடும்பமா இல்லையா? அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நம் பொண்ணே இருக்கிறது, பாட்டனி என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வருஷம் படித்ததை அதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பூ எப்படி இருக்கும், வேரில் முடிச்சு எப்படி இருக்கும், பூத்த பிறகு காம்பு எப்படி மண்ணுக்குள் இறங்கும், எல்லாவற்றையும் சொன்னேன். துவரை, உளுந்து, அவரை, நிலக்கடலை எல்லாம் ஒரே குடும்பம் என்று முடித்தேன். இன்ஸ்பெக்டர் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதுவதைப் பார்த்துப் பெருமையாகக்கூட இருந்தது.

செங்கோடண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

“அம்மிணி, நீ படிச்சதெல்லாஞ் சரி. இப்ப என்ற மூட்டையும் பயறுன்னுதான சொல்ற? பயறு வெளிய போவக்கூடாதுங்கறாரு சாரு. அப்ப இத நா ஊட்டுக்கே திருப்பிக் கொண்டுட்டுப் போயி எல்லாத்துக்கும் பாயாசம் வெச்சுப் போடட்டுமா?”

முதலாளி தன் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் என் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரின் லோடைத் தடைப் பட்டியலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்த உண்மையை இப்போது யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். டாரிஃப் புத்தகம் பாட்டனி புத்தகம் இல்லை. அதற்கு வேர் முடிச்சைப் பற்றிக் கவலை கிடையாது.

புத்தகத்தை முதலாளி கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். பன்னிரண்டு பூஜ்யம் இரண்டு: நிலக்கடலை, வறுக்காதது, வேகவைக்காதது, தோடு உடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். பேரே போட்டிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு, ஊர்க்காரர்கள் எல்லாரும் வாருங்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இன்னொரு கல்யாணத்துக்கு உங்கள் பேரெழுதிப் பத்திரிகை வைக்கிறார்கள். இரண்டும் ஒரே முகூர்த்தம் என்றால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். பத்திரிகை வைத்த இடத்துக்குத்தான் என்றார். நிலக்கடலைக்குப் பத்திரிகை வைத்தது பன்னிரண்டாம் அத்தியாயம் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது. சிரித்தார். நான் மூச்சு விட்டேன்.

கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

“அது சரிம்மா. பொருள் நிலக்கடலைன்னு நானே ஒத்துக்கறேன், தின்னுட்டுத்தானே இருக்கேன். ஆனா உங்க பேப்பர் கடலைப்பருப்புன்னுதானே சொல்லுது? பேப்பர் ஏன் பொய் சொல்லிச்சுன்னு நான் எழுதணும்ல?”

நியாயமான கேள்வி. பொருள் எது என்று நிரூபித்தால் போதாது. அந்த வார்த்தை பொய் இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். செங்கோடண்ணன் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சத்தியம் செய்யவைக்கிறேன் என்றார். பத்துப் பேரும் அவருடைய ஆட்களாக இருப்பார்கள். முதலாளி மறுபடியும் புத்தகத்துக்குக் கையை நீட்டினார். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் தானே போய்க் கேட்டுப் பார்க்கட்டும் என்றேன். கிடங்குக்கு எதிரில் ஒரு மளிகைக் கடை. நாலு கட்டிடம் தள்ளி ஒரு எண்ணெய் மில். இரண்டு இடத்திலும் அவர் வாயால், அதே வார்த்தையால் கேட்கட்டும். எங்களில் ஒருவரும் கூட வரமாட்டோம். அவருக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்திருந்தது. எழுந்து போனார்.

மளிகைக் கடையில் நேரம் ஆகவில்லை. எண்ணெய் மில்லில்தான் ஆயிற்று. பிறகு அவரே சொன்னார்: அங்கே போய்க் கடலை வேண்டும் என்று ஆரம்பித்தாராம். காயா, பருப்பா என்று கேட்டார்களாம். கடலைப்பருப்பு என்றாராம். எண்ணெய்க்கா, விதைக்கா, திங்கவா என்று அடுத்த கேள்வியாம். நிற்கிற தோரணையைப் பார்த்து, புதுசாகக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள் போல. கடலப்பருப்பு பார்த்ததில்லீங்களா, எந்த ஊருங்க என்று விசாரித்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பொட்டலங்கள்தான் மேஜைமேல் இருந்தவை.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்த்தார். எழுதியிருந்த தாளைக் கிழித்தார். கடத்தல் இல்லை, சரி. கடமை தவறாதவர் ஆயிற்றே, அடுத்த கேள்வி தயாராக இருந்தது. தவறு என்றால் யாருடைய தவறு? ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பேப்பரைத் திருத்தி சீல் வைத்துவிடலாம்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். டைப் அடிப்பதில் ஏதோ பிசகு நடந்துவிட்டது என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். உங்களுக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன்: நம் ஆபீஸில் அதுவரை நடந்த எல்லாத் தவறுகளையும் செய்தது அந்த டைப்ரைட்டர்தான். கப்பல் பேர் மாறினால் டைப்பிங் பிசகு. ஊர் மாறினால் டைப்பிங் பிசகு. முன்னால் இருந்த டைப்பிஸ்ட் ஏன் போனாள் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். செங்கோடண்ணன் என்னைக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கி நிறுத்தியிருந்தார். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் முதலாளி மானமும் என் மானமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், மூட்டைகள் அங்கேயே இருக்கும். சரி என்று சொன்னால், வாழ்நாள் முழுக்க டைப்ரைட்டரோடு சேர்த்து என்னையும் குற்றவாளிக் கூண்டில் வைத்திருப்பார்கள்.

டைப்ரைட்டரை மேஜைக்கு இழுத்தேன். தாளைச் செருகி அடித்தேன். முதலாளி எட்டிப் பார்க்க வந்தார்; உருளையைத் திருப்பி மறைத்தேன். கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். முகத்தைப் பேப்பருக்குப் பின்னால் கொண்டுபோனார். பேப்பர் ஆடியது.

“சரக்கைப் பார்க்காமல் முதலாளி சொன்னதை, சொன்னது சொன்னபடியே தட்டச்சு செய்தது என் தவறு” என்று அதில் இருந்தது.

நல்லா இருக்கு, இது போதும் என்று சொல்லி அதைக் கோப்பில் வைத்துவிட்டார். சீல் வைத்தார். லாரி கிளம்பியது. செங்கோடண்ணன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், வழியில் வேறு யாராவது குத்தூசியோடு நிற்பார்களோ என்று. ஏறும்போது முதலாளியிடம் மட்டும் சொன்னார்:

“போயிட்டு வாரேனுங்க பாய். அடுத்த லோடுக்கு ஃபோன அம்மிணிகிட்டக் குடுத்துருங்க.”

கப்பல் கிடைத்தது. சிங்கப்பூர்க்காரர் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார். பங்காளிகள் இப்போது அவருடைய மில்லுக்கே காய் போடுகிறார்கள், சிரிக்காமல்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி, அந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கலாமா என்று கேட்டார். சொன்னபடி அடித்ததாகத்தானே எழுதினேன், அதுதானே என் வேலை என்றேன். இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற முதலாளிகளை நான் மற்ற ஆபீஸ்களில் அதிகம் பார்த்ததில்லை. சரக்கு ஒரு கைப்பிடி மேஜைக்கு வராமல் எண் வரக்கூடாது என்றேன். ஒத்துக்கொண்டார். எண்களை மட்டும் விடவில்லை. டீக்காரரிடம் இன்னும் பரீட்சை நடக்கிறது.

உங்கள் மேஜைமேல் இருக்கும் அஞ்சறைப்பெட்டி அன்றைக்குத் தோன்றியதுதான். ஆபீஸில் எதற்கு இது, ரசம் வைக்கவா என்று சேர்ந்த முதல் நாளே சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் தினம் ஒரு அறையைத் திறந்து கையில் அள்ளிப் பாருங்கள். கடுகை வீட்டில் தாளிக்கிற சாமான் என்பார்கள். புத்தகம் எண்ணெய் வித்து என்கிறது. சோளம் என்று நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் சொன்னால் அது மக்காச்சோளம். தோட்டக்காரர் சொன்னால் வெள்ளைச் சோளம். இரண்டுக்கும் எண் வேறு. அதே நிலக்கடலை ஆத்தூர் தாண்டினால் மல்லாக்கொட்டை. வறுத்தால் இருபதாம் அத்தியாயத்துக்கே குடிபோய்விடும். கையில் அள்ளுங்கள், சொன்னவர் எந்த ஊர், என்ன தொழில் என்று கேளுங்கள், அதற்குப் பிறகு புத்தகம்.

இன்று மத்தியானம் செங்கோடண்ணன் ஃபோன் செய்தார். கொல்லிமலையிலிருந்து புது சரக்கு வருகிறதாம், பேயெள்ளு. முதலாளி ரிசீவரைப் பிடித்திருந்தார். எள்ளு என்று காதில் விழுந்ததும் வாயில் எண் வந்து நின்றதை நான் பார்த்தேன். பன்னிரண்டு என்று உதடுகூடக் குவிந்தது. என்னைப் பார்த்தார். முழுங்கிவிட்டு ரிசீவரை நீட்டினார்.

பேரில்தான் அது எள். கருப்பாக, ஒல்லியாக இருக்கும் என்றும், செடி சூரியகாந்தி ஜாதி என்றும் படித்திருக்கிறேன். படித்ததை நம்பி ஒரு தடவை வாயைத் திறந்தவள், கையில் வாங்கிப் பார்க்காமல் இன்னொரு தடவை திறக்கமாட்டேன். மலைக்காரர்கள் அதை வேறு என்ன பேரில் சொல்கிறார்கள், எண்ணெய்க்கு ஆட்டுகிறார்களா, இதற்கும் ஏதாவது தடை இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அஞ்சறைப்பெட்டியில் நடு அறையைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன்.

நாளை காலை நாமக்கல் முதல் பஸ். மூன்று பேரும் வருகிறீர்கள். புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.